தர்சிகாவின் கதையை நம்பியவர்கள்

எழுத்து வகுப்பு எடுக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஓர் ஆறுதல் சொல்லிவிடுகிறேன். யாரையும் எழுத்தாளர் ஆக்க உங்களால் முடியாது. என்னாலும் முடியவில்லை. எழுத வந்த பிள்ளையைக் கெடுக்காமல் அனுப்பிவைத்தால் அதுவே போதும், நிம்மதியாகச் சம்பளம் வாங்கலாம். ஆனால் கெடுப்பது சுலபம். புகழ்ந்து கெடுக்கலாம், திட்டிக் கெடுக்கலாம், கண்டுகொள்ளாமல் விட்டும் கெடுக்கலாம். அக்கறைப்பட்டுக் கெடுப்பது என்று ஒன்று உண்டு. அதை நல்லவர்கள்தான் செய்வார்கள். நீங்களெல்லாம் நல்லவர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

நான் வேலை செய்த கல்லூரி ஒஸ்லோவின் ஓரத்தில், டி-பான் என்ற நகர ரயிலை விட்டு இறங்கி மேட்டில் ஏறினால் வரும் பெரிய மரக் கட்டடம். பெண்களுக்கு மட்டுமான கல்லூரி. ஆணும் பெண்ணும் சேர்ந்து பனியில் சறுக்கும் நாட்டில் இப்படி ஒன்று எதற்கு என்று பத்திரிகையில் வருடம் தவறாமல் யாராவது எழுதுவார்கள். எழுதியவர் பெண் என்றால் பெரும்பாலும் எங்களிடம் படித்தவராகவே இருப்பார். வரலாறு, தத்துவம், ஓவியம் எல்லாம் சொல்லிக்கொடுத்தோம். பெயர் கிடைத்தது என்னவோ எழுத்து வகுப்பால்தான்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை நீளம். எங்கள் ஆட்கள், அதாவது இலங்கைத் தமிழர், பலரைப் போல நானும் வெளிநாட்டவரையும் ஒரு வருடப் படிப்புக்குச் சேர்க்கும் மக்கள் உயர்பள்ளி ஒன்றின் அனுமதியைக் காட்டித்தான் இந்த நாட்டுக்கு வந்தேன். மற்றவர்கள் படிப்பு முடிந்ததும் உருப்படியான வேலை தேடிப் போனார்கள். ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதைகளைப் பற்றிப் பேசுவதற்கும் சம்பளம் தருவார்கள் என்று எனக்குத் தெரியவந்தது. பிறகு நான் ஏன் நகரப் போகிறேன்?

அந்த மேசைக்கு ஒரு முறை இருந்தது. எழுதியவள் தன் கதையை எல்லோருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் பேசுவார்கள். யாரும் அவளைப் பார்த்து ‘நீ’ என்று சொல்லக்கூடாது. கதைசொல்லி, கதாபாத்திரம் என்றுதான் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது உண்மையா என்று யாரும் கேட்கக்கூடாது. மேசையிலும் கூடாது, வெளியிலும் கூடாது. இந்த வகுப்பைத் தொடங்கிய அம்மையார் வைத்துவிட்டுப் போன சட்டம் அது. நல்ல சட்டம். அந்தச் சட்டத்தின் தயவில் ஒரு பாதிரியாரின் மகள் கொள்ளைக்காரியாகி எழுதினாள், இன்னொருத்தி தன் பாட்டுக்கு நாலு கொலை செய்தாள். பார்க்கச் சாதுவான பிள்ளைகள். எங்கள் மேசையில் யாரும் புருவத்தைக் கூட உயர்த்தியதில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கம். இலங்கையில் போர் நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால் எங்கள் ஆட்கள் ஊருக்குப் போகவும் வரவும் வழி திறந்திருந்த காலம். அந்த வருடக் குளிர்கால விடுமுறை முடிந்ததும் சில்யே என்ற பெண் ஒரு கதை கொண்டுவந்தாள். தலைப்பே, ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் ஒரு வாரம் வசிப்பது எப்படி என்பதுதான். போக இடமில்லாத ஒரு பெண், கட்டில் விற்கும் கடையில் மெத்தையை ‘சோதித்துப் பார்த்து’த் தூங்குகிறாள், சீஸ் கடையில் ருசி பார்க்க வைத்திருப்பதை வெவ்வேறு தொப்பி போட்டுக்கொண்டு வந்து சாப்பிடுகிறாள். வயிறு நோகச் சிரித்தோம். சிரிக்கத்தான் எழுதியிருந்தாள், சிரித்ததில் பிழையில்லை.

அடுத்து வந்தது தர்சிகாவின் கதை. தர்சிகா நோர்வேயில் பிறந்த தமிழ்ப் பெண். வீடு லில்லெஸ்ட்ரோமில். தாய்க்கு முதியோர் இல்லத்தில் வேலை, தகப்பன் தபால் பொதிகளைப் பிரிப்பவர், பதினாலு வயதில் ஒரு தங்கை. நோர்வேயில் மாணவர்கள் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவளுக்கு என்னை அப்படிக் கூப்பிட வாய் வராது. மற்றவர்கள் முன்னால் அன்ரி என்று சொல்ல வெட்கம். ஆகவே வகுப்பில் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே ஒரு வருடத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் கதையில் கதைசொல்லி ஒரு தாய். மகளை ஒஸ்லோவில் நம் நாட்டுக் கடைகள் இருக்கும் குறொன்லாண்டுக்குக் கூட்டிப்போய்ச் சேலை எடுக்கிறாள். ஊரில் ஒரு கலியாணம் இருக்கிறது, அதற்கு உடுக்க என்கிறாள். யாருடைய கலியாணம் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகளின் கடவுச்சீட்டை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை. அந்தத் தாய்க்கு மகள் மேல் உயிர். படிக்கும்போது குலை நடுங்கியது அதனால்தான். அந்த வருடம் எங்கள் மேசைக்கு வந்ததில் அதுவே ஆகச் சிறந்த கதை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேசையில் எல்லோரும் பேசினார்கள், பெரிட் ஒருத்தியைத் தவிர. பெரிட் என்னோடு சேர்ந்து அந்த வகுப்பை நடத்தியவள். நல்ல வாசகி, பிள்ளைகள் மேல் உயிரை விடுபவள். அவள் பேசாமல் இருந்தபோதே நான் யோசித்திருக்கலாம்.

ஈஸ்டர் விடுமுறைக்கு, பிள்ளைகள் தங்கியிருந்த கல்லூரி விடுதியைப் பூட்டும் வெள்ளிக்கிழமை அது. மதியச் சாப்பாட்டுக்கு முன் கல்லூரி அதிபர் என்னை மேல்மாடியில் தன் அறைக்குக் கூப்பிட்டார். போனால், பெரிட் கண் சிவந்து நிற்கிறாள். அதிபரின் கை தொலைபேசியின் மேல் இருக்கிறது.

“கதையில் வருவது அவளுடைய வீடுதான்,” என்றாள் பெரிட். “லில்லெஸ்ட்ரோம், முதியோர் இல்லம், தங்கை, எல்லாமே. போதாததற்கு ஜூன் மாதம் ஒரு வாரம் முன்னதாகப் போக அனுமதி கேட்டிருக்கிறாள். குடும்பத்தோடு இலங்கைக்கு, கட்டாயக் கலியாணத்துக்கு. அவள் நம்மிடம் உதவி கேட்கிறாள். நாம் உட்கார்ந்து கதைசொல்லியின் கோணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.”

“தர்சிகா பெரியவள் என்றாலும் தங்கை சின்னப் பிள்ளை,” என்றார் அதிபர். “குழந்தைகள் நல அலுவலகத்துக்கு நான் சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்கள் தமிழர். இது உண்மையா, சொல்லுங்கள்.”

“நான் தமிழ்தான்,” என்றேன். “சாத்திரம் பார்த்துச் சொல்பவள் இல்லை.”

வாய் முந்திக்கொண்டது. எங்கள் சனத்தில் அப்படியெல்லாம் நடப்பதில்லை என்று சொன்னால் அது பொய். நடக்கிறது. நடக்கலாம் என்று சொன்னால் அந்தக் கை தொலைபேசியைத் தூக்கிவிடும். பிறகு தங்கையைப் பள்ளிக்கூடத்தில் வைத்து விசாரிப்பார்கள், தாயை வேலையிடத்திலிருந்து கூப்பிடுவார்கள். எங்கள் ஆட்களிடம் பார்னவேர்ன் என்று அந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னாலே, பிள்ளையைப் பிரித்துக்கொண்டுபோவார்கள் என்ற பயத்தில் வீட்டில் அடுப்பு எரியாது. ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தாலும், விசாரணை நடந்த வீடு என்ற பேச்சு அந்தக் குடும்பத்தை விட்டுப் போகாது. உண்மையாக இருந்து நாம் பேசாமல் விட்டாலோ, ஒரு பெண்ணின் வாழ்க்கை போய்விடும். இரண்டு பக்கமும் பள்ளம்.

“அந்தப் பெண் கீழே அடுக்களையில் நிற்கிறாள்,” என்றேன். “அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளைக் காப்பாற்ற வேண்டாம். சாப்பாடு முடியும்வரை பொறுங்கள்.”

அதிபர் கையை எடுத்தார்.

எங்கள் விடுதியில் பாத்திரம் கழுவுவது பிள்ளைகள் முறைவைத்துச் செய்யும் வேலை. தர்சிகா தலைக்கு வலை போட்டுக்கொண்டு ஒரு பெரிய சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. நான் தமிழில் தொடங்கினேன்.

“தர்சிகா, ஒரு நிமிசம். கதையைப் பற்றி இல்லை, உன்னைப் பற்றிக் கேக்கிறன். உனக்கு ஏதும் உதவி வேணுமோ?”

“என்ன உதவி அன்ரி? இந்தச் சட்டியைத் தேய்க்கவோ?”

“வீட்டிலை. கோடைக்கு ஊருக்குப் போறது உனக்கு விருப்பமோ? விருப்பமில்லாட்டி என்னட்டைச் சொல்லு. ஒருத்தருக்கும் தெரியாமல் வழி பாக்கலாம்.”

சட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“கதையை நம்பிட்டினமோ?”

“சிலபேர்.”

முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். “அம்மா என்னைக் கட்டிக் குடுக்கப் போறாவோ? அவா கார் லைசென்ஸ் எடு, எடு எண்டு நாள் முழுக்கக் கத்துறா. தியரிச் சோதினையிலை ரெண்டு தரம் பெயில் விட்டனான், அதுக்கே என்னோடை வடிவாக் கதைக்கிறேல்லை. ஊருக்குப் போறது அப்பான்ரை வீடு இன்னும் நிக்குதோ எண்டு பாக்க அன்ரி.”

“பிறகு ஏன் பிள்ளை அப்பிடி எழுதினனி?”

“பேப்பரிலை வாற அம்மாக்கள் எல்லாம் பேய் மாதிரி. பாசமான அம்மா ஒராள் அதைச் செய்தால் எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சனான். எங்கடை வீட்டை எடுத்துப் போட்டனான். நீங்கள்தானே சொன்னனீங்கள், தெரிஞ்ச வீட்டை எடு எண்டு.”

சொன்னது நான்தான். அதை விட நல்ல யோசனை இன்றைக்கும் என்னிடம் இல்லை.

அதிபரின் தொலைபேசியைப் பற்றி அவளிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் தலைவிதியை அவளுக்குத் தெரியாமல் மேல்மாடியில் முடிவு செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. தர்சிகாவின் முகம் வெளுத்துவிட்டது.

“பார்னவேர்னோ? தங்கச்சியைக் கூப்பிட்டு விசாரிப்பினமோ? அவள் பயந்து போவாள் அன்ரி. நான் எழுதினதாலைதான் எண்டு அம்மாவுக்குத் தெரிஞ்சால்...”

“இன்னும் போன் எடுக்கேல்லை. நான் இருக்கிறன்.”

கண்ணீர் வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. “சில்யே கடைக்குள்ளை படுக்கிற பெட்டையைப் பற்றி எழுதினவள். உனக்கு வீடு இருக்கோ எண்டு அவளிட்டை ஆராவது கேட்டவையோ? எல்லாரும் சிரிச்சவை. என்னட்டை மட்டும்தான் கேப்பினம். சரி, இனி நான் மரத்தைப் பற்றி எழுதுறன். பனியைப் பற்றி எழுதுறன். அதுக்கு ஒருத்தரும் போன் எடுக்க மாட்டினம்.”

சொன்னதைச் செய்யக்கூடிய பெண் அவள். இன்னும் முப்பது வருடத்துக்கு ஒழுங்காக மரமும் பனியும் எழுதி, எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்கி, அந்தக் கைப்பையைப் போன்ற ஒன்றை மறுபடி எழுதாமலே போய்விடுவாள். அதைவிட அந்தத் தொலைபேசியை நானே பிடுங்கி எறியலாம்.

மேலே போய் நடந்ததைச் சொன்னேன். அதிபர் முட்டாள் இல்லை. “மிரட்டப்பட்ட பெண்ணும் இதையேதான் சொல்வாள்,” என்றார்.

“சொல்வாள்,” என்றேன். “அதனால் அவளிடம் கேட்டது போதாது. எல்லோரிடமும் கேட்போம். அவளிடம் மட்டும் கேட்டால் அது விசாரணை. விடுதி பூட்ட நேரம் இருக்கிறது. பெரிட் மேல்மாடி, நான் கீழ்மாடி. ஒவ்வொரு கதவாகத் தட்டி, உனக்கு ஏதாவது தேவையா என்று கேட்போம். தர்சிகாவின் தாய் பின்னேரம் கூட்டிக்கொண்டு போக வருகிறார், அவரையும் பாருங்கள். அதற்குப் பிறகும் தொலைபேசி எடுக்கத் தோன்றினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.”

அது ஒரு துணிச்சல்தான். அவர் தலையாட்டியபோது நான் வென்றுவிட்டதாக நினைக்கவில்லை. நேரம் வாங்கியிருந்தேன், அவ்வளவுதான்.

கீழ்மாடியில் ஒருத்தி காதலன் வேண்டும் என்றாள். ஒருத்தி சறுக்குப் பலகைக்கு மெழுகு கேட்டாள். ஒருத்தி பூனை செத்துப்போனதைச் சொல்லி என் தோளில் அழுதாள். ஒரு மாதமாக யாரிடமும் சொல்லவில்லையாம். நான் கடைசிக் கதவைத் தட்டும்போது பெரிட் படியிறங்கி வந்தாள். சில்யேயின் அறையில் நடந்ததைச் சொன்னாள்.

சில்யே முதலில் வழக்கம் போலப் பகிடி விட்டிருக்கிறாள், ஒரு கோடீஸ்வரன் தேவை என்று. பெரிட் சிரித்துவிட்டுத் திரும்பியதும், பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாளாம்: “பின்பக்கத்து அடுக்களைக் கதவைப் பூட்டாமல் விட முடியுமா?” ஏன் என்று கேட்டதற்கு, “ஈஸ்டருக்குக் கடைகள் பூட்டு,” என்றாளாம்.

இந்த நாட்டில் ஈஸ்டர் வந்தால் கடை, தெரு எல்லாம் வெறிச்சோடிவிடும். சில்யேயின் தாய் புதிய துணையோடு வேறு ஊருக்குப் போயிருந்தார். தகப்பன் இடமில்லை என்று சொல்லிவிட்டார். குளிர்கால விடுமுறையில் பகலெல்லாம் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் கழித்துவிட்டு, இரவில் ஒரு மாடிக் கட்டடத்தின் அடித்தளத்துச் சலவை அறையில் படுத்திருக்கிறாள். அதைத்தான் எங்களுக்கு வேடிக்கையாக எழுதிக் கொடுத்தாள். பொன்னிறத் தலைமுடியும் கம்பளிச் சட்டையுமாக வரும் ஒரு நோர்வே பெண்ணுக்கு வீடு இல்லாமல் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரிட்டின் அக்கறை சரி. விலாசம்தான் பிழை.

சில்யே பையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தர்சிகா. விடுதியில் சூடாக்கியை நிறுத்தியாயிற்று, காவலுக்கு ஆளில்லை. என் வீட்டுக்கு வா என்றாள் பெரிட். நானும் கூப்பிட்டேன். ஆசிரியர் வீட்டில் இருக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள் சில்யே. அவள் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதிபர் யாருக்குத் தொலைபேசி எடுக்கலாம் என்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். அப்போதுதான் தர்சிகாவின் தாய் காரை நிறுத்திவிட்டு வந்தார். மேலங்கிக்குள்ளே வேலைச் சீருடை தெரிந்தது.

“வணக்கம் ரீச்சர். என்ன, எல்லாரும் செத்தவீட்டிலை நிக்கிற மாதிரி நிக்கிறியள்?”

தர்சிகா ஓடிப்போய் விறுவிறு என்று சொன்னாள். தன்னைப் பற்றி இல்லை, சில்யேயைப் பற்றி. தாய் சில்யேயை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு தரம் பார்த்தார்.

“மரக்கறி சாப்பிடுவாளோ? இண்டைக்கு வெள்ளிக்கிழமை.”

“சாப்பிடுவாள் அம்மா.”

“அப்ப ஏன் குளிருக்குள்ளை இருத்தி வைச்சிருக்கிறியள்? தங்கச்சியின்ரை அறையிலை மெத்தை போடலாம். உந்தப் பையைத் தூக்கு.” பிறகு என் பக்கம் திரும்பி, “ரீச்சர், இவளுக்குக் கார் ஓடத் தெரியுமோ? தெரிஞ்சால் எங்கடையாளுக்கும் சொல்லிக் குடுக்கட்டும்,” என்றார்.

அதிபர் என் காதருகே குனிந்து, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். படியிறங்கிப் போய் சில்யேயின் பையைத் தானே தூக்கிக் காருக்குள் வைத்தார். தாயின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அந்தத் தாய்க்கு நடந்தது இன்றுவரை தெரியாது. தொலைபேசியும் எடுக்கப்படவில்லை.

அதன் பிறகு விடுமுறைகளில் விடுதியின் ஒரு பக்கம் திறந்தே இருந்தது. எங்கள் மேசைச் சட்டத்தை நாங்கள் மாற்றவில்லை. உண்மையா என்று இன்றைக்கும் கேட்கக்கூடாது என்பேன், நீங்களும் கேட்காதீர்கள். ஆனால் வகுப்பு முடிந்து வெளியே போகும்போது, உனக்கு ஏதாவது தேவையா என்று கேளுங்கள். கதை எழுதியவளிடம், எழுதாதவளிடம், சிரிக்க வைத்தவளிடம், எல்லோரிடமும். பின்னாளில் அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. அவர்களில் எங்கள் ஆட்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்போது ஒரு கணம்கூடத் தயங்காமல் தொலைபேசி எடுத்தோம்.

விடுமுறை முடிந்து தர்சிகாவின் முறை வந்தது. மரத்தையும் பனியையும் எதிர்பார்த்துப் பிரதியை எடுத்தேன். மரமும் இருந்தது, பனியும் இருந்தது. மாணவிகள் எல்லோரும் சேர்ந்து தங்கள் எழுத்து ஆசிரியையை அந்தப் பனிக்காட்டுக்குள் கூட்டிப்போய் ஒரு மரத்தில் கட்டிவைத்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். அந்த ஆசிரியைக்குப் பெரிட்டின் நீலச் சால்வை, பெரிட்டின் மூக்குக்கண்ணாடி, கண் கலங்கினால் மூக்கை உறிஞ்சும் பெரிட்டின் பழக்கம். வாசித்து முடித்த ஒவ்வொருத்தியும் தலையைத் தூக்கிப் பெரிட்டைப் பார்த்தாள்.

பெரிட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். கடைசிப் பக்கத்தை இன்னொரு தரம் பார்த்தாள்.

“இந்த ஆசிரியை கட்டுப்படும்போது வாயே திறக்கவில்லை,” என்றாள். “நம்ப முடியவில்லை. அவள் நன்றாகக் கத்த வேண்டும். இவ்வளவு சுலபமாகச் சாகிற ஆள் இல்லை அவள்.”

மேசை முழுக்கச் சிரித்தது. சில்யேதான் ஆகப் பெரிதாக. தர்சிகா, முறைப்படி, வாய் திறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு பேனாவை எடுத்து, ‘கத்த வேண்டும்’ என்று பக்கத்து ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.